ஓட்டுக் கணக்கும் மனச்சாட்சியும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின், உப்பளத்தில் கூலிவேலை செய்யும் ஒரு தாயார் கோயில் வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மந்திரிக்க வேண்டிய செபமாலையோ, பூசைக் கருத்தோ கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். அவர்கள் கேட்டதோ வேறு.

"சாமி, இந்த ஓட்டுல நிக்கிறவங்கள்ல ஒருத்தர் நல்லவர்னு என் மனசு சொல்லுது. நம்ம கூலிக்கும், மழைக்காலத்துல அளம் மூழ்கி நாம சும்மா கிடக்கிற மாசங்களுக்கும் வாய் திறந்து பேசினவர் அவர் ஒருத்தர்தான். ஆனா அவர் ஜெயிக்கமாட்டார்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஜெயிக்கக்கூடிய ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தா ஏழைபாழைக்குக் கெடுதின்னு பயமா இருக்கு. இன்னொருத்தர் அவ்வளவு மோசமில்லை; ஆனா மனசுக்கு ஒப்பலை. நல்லவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போகும்கிறாங்க. மனசுக்கு ஒப்பாதவருக்குப் போட்டா அது பாவமா, சாமி?"

இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வி அவர்களுடையது மட்டுமல்ல. உங்களில் அநேகருடைய நெஞ்சில் கிடப்பதே. ஆகையால் பத்திரிகையில் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். அதை இங்கே நிறைவேற்றுகிறேன்.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பூசைப் பீடம் கட்சி மேடையல்ல. குருக்கள் கட்சிக் காரியங்களில் முன்நின்று ஈடுபடலாகாதென்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விலக்கியிருக்கிறது. நாட்டின் சட்டமும் அப்படியே. 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது குற்றம். இன்னாருக்குப் போட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவனை நம்பப்பண்ணுவதும் குற்றம். சாமியார்களுக்கு வரக்கூடிய சோதனையைச் சட்டம் எழுதினவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள் போலும்! ஆகையால் ஆட்களின் பெயரும் கட்சிகளின் பெயரும் இங்கே வரமாட்டா. எப்படித் தீர்மானிப்பது என்பதைப்பற்றி மாத்திரமே பேசுவேன்.

இந்தத் தொந்தரவு எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் ஓட்டு எண்ணும் முறையிலிருந்து வருகிறது. ஜெயிக்கிறவர் பாதிக்குமேல் வாங்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகம் வாங்கினால் போதும். இலங்கையின் ஜனாதிபதி தேர்தலில் ஒருவன் 1, 2, 3 என்று தன் விருப்பத்தை வரிசையாகக் குறிக்கலாம். 2024-ம் ஆண்டு முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்குமேல் கிடைக்காமல், முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணினார்கள். அங்கே இருதயத்துக்கு ஒரு குறியும் கணக்குக்கு ஒரு குறியும் வைக்க இடமுண்டு. நமக்கோ ஒரே பொத்தான், ஒரே அழுத்தல். இருதயமும் கணக்கும் அந்த ஒரே விரலில் வந்து முட்டிக்கொள்கின்றன.

"ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறவர்கள் நம் தொகுதியை நினைத்துப்பார்க்கட்டும். மரக்காணம் சேர்ந்திருக்கும் திண்டிவனம் தொகுதியில் 2016-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 101 ஓட்டு. தெற்கே காட்டுமன்னார்கோயிலில் 87. இராதாபுரத்தில் 49. நம் கோயிலில் ஒரு பூசைக்குக் கூடுகிற சனத்தைவிடக் குறைந்த தொகை! மாநிலம் முழுவதிலும் இரண்டு பெரிய அணிகளுக்கும் இருந்த வித்தியாசம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்குதான். அவ்விரண்டுக்கும் வெளியே நின்ற அணிகள் இலட்சக்கணக்கான ஓட்டு வாங்கியும் ஒரு இடமும் பெறவில்லை. அப்படிப் போட்டவர்கள் மூடர்களா? இல்லை. ஆனால் அவர்கள் எங்கே போட்டார்கள் என்பதும் முடிவைத் தீர்மானித்தது. உப்புக்கல் ஒன்றைத் தனியே எடுத்தால் எடையில்லை. தராசு சமமாக நிற்கும்போதோ ஒரு கைப்பிடி போதும்.

புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஈழத்திலிருந்து வந்த நம் சகோதரர்கள் அங்கே பல பத்து ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. நாம் சலித்துக்கொண்டு செய்கிற காரியம் அவர்களுக்குக் கிடைக்காத பாக்கியம். அவர்களுடைய சொந்த நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

2005-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஜனாதிபதி தேர்தல். விடுதலைப் புலிகள் தங்கள் வசமிருந்த பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை வென்றது சுமார் 1,81,000 ஓட்டு வித்தியாசத்தில். பின்னால் போர் மூண்டு, 2009-ம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அந்த ஓட்டுகள் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார். ஆனால் ஓட்டுப் போடாமலிருப்பதும் ஒரு ஓட்டுத்தான் என்பது அந்தச் சனங்களுக்கு விளங்கிற்று.

போர் முடிந்து எட்டே மாதத்தில், 2010-ம் ஆண்டு சனவரியில், மறுபடியும் தேர்தல். பிரதானமாக நின்றவர்கள் இருவர்: போரை நடத்திய ஜனாதிபதி ஒருவர், அந்தப் போரில் இராணுவத் தளபதியாயிருந்த சரத் பொன்சேகா மற்றொருவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இவர்களில் யாரைத் தெரிந்துகொள்வது? வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டுப் போடப் போன தமிழரில் பெரும்பகுதியினர் தளபதிக்கே போட்டார்கள். அவர்மேல் இருந்த அன்பினாலா? ஒருக்காலும் இல்லை. ஆட்சி மாறினால் கொஞ்சமாவது மூச்சுவிடலாம் என்ற எண்ணத்தினால். அவர் தோற்றார், கணக்குப் பலிக்கவில்லை. அந்தத் தாய்மார் மனச்சாட்சியை விற்றார்கள் என்று சொல்ல உங்களில் யாருக்குத் துணிவுண்டு? எனக்கு இல்லை.

இப்போது திருச்சபையின் போதனைக்கு வருவோம். ஓட்டுப் போடுவது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் கடமை என்று 1992-ம் ஆண்டில் வெளிவந்த சத்தியவேத போதகத் தொகுப்பு, பத்துக் கற்பனைகளில் நாலாம் கற்பனையின்கீழ் வைத்துப் போதிக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்யும் கடமையோடு நாட்டுக்குச் செய்யும் கடமையும் அங்கே வருகிறது. நன்மை விளையும் என்று சொல்லித் தின்மையைச் செய்யலாகாது என்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதின நிருபத்தில் கண்டிக்கிறார். இது நமக்கு வேலி, இதைத் தாண்டலாகாது.

ஆனால் வேலிக்கு உள்ளே நிலம் உண்டு. கெட்ட சட்டத்தை முற்றும் நீக்க முடியாத இடத்தில், அதன் கெடுதியைக் குறைக்கும் சட்டத்துக்கு ஒரு சட்டசபை அங்கத்தினர் ஆதரவு தரலாம் என்று அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் 1995-ம் ஆண்டு நிருபத்தில் எழுதினார். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2024-ம் ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து உரோமைக்குத் திரும்புகையில், அமெரிக்கத் தேர்தலைப்பற்றிப் பத்திரிகையாளர் கேட்டார்கள். இரு பக்கத்திலும் உயிருக்கு விரோதமான குறை இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஓட்டுப் போடாமல் இருக்கலாகாது, குறைந்த தின்மையைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றார். எது குறைந்தது? அதை அவர் சொல்லவில்லை. அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார்.

ஆகவே ஒரு தப்பெண்ணத்தை விலக்குங்கள். மனச்சாட்சி ஒரு பக்கம், கணக்கு மறுபக்கம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அது சரியல்ல. கணக்குப் போடவேண்டியதே மனச்சாட்சியின் வேலை. தலையான புண்ணியங்கள் நான்கில் முதலில் எண்ணப்படுவது விவேகம். நல்ல எண்ணம் மட்டும் போதும், விளைவைப்பற்றி எனக்கென்ன என்கிறவன் பாதிப் புண்ணியத்தோடு நிற்கிறான். உப்பளத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மனசோடு பாத்தியில் தண்ணீர் பாய்ச்சினால் உப்பு விளைந்துவிடுமா? வெயில், காற்று, தண்ணீரின் பதம், எல்லாம் பார்க்கிறீர்கள். உப்பு இறங்கினபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைக் காலத்தில் வடிக்காவிட்டால் உப்பே கசந்துபோகும். மனச்சாட்சியும் அப்படியே. கோபம், சாதிப்பற்று, வதந்தி ஆகிய கசப்பைத் தேங்கவிட்டு, அதிலிருந்து எழும் குரலை மனச்சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

நல்ல கணக்குக்கும் கெட்ட கணக்குக்கும் வித்தியாசம் எங்கே? வேதாகமத்தில் இரண்டு பேர் கணக்குப் போடுகிறார்கள்.

ஒருத்தி, சலோமோன் அரசன் முன் நின்ற தாய். ஒரே பிள்ளைக்கு இருவர் உரிமை கொண்டாடினார்கள். இரண்டாக வெட்டிக் கொடுங்கள் என்று அரசன் சொன்னபோது, பொய்த்தாய் அதற்குச் சம்மதித்தாள். பெற்றவளோ, பிள்ளை பிழைத்தால் போதும், அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று அலறினாள். நியாயம் அவள் பக்கம் இருந்தது. ஆனாலும் பிள்ளையின் உயிருக்காகத் தன் நியாயத்தை விட்டாள்.

மற்றவன், பிரதான ஆசாரியனாகிய கைப்பாஸ். சனங்கள் எல்லாரும் அழிவதைவிட ஒரு மனுஷன் சாவது நலம் என்று ஆலோசனை சொன்னான். அவனும் பெரிய தின்மைக்குச் சின்னத் தின்மையைத் தெரிந்துகொண்டதாகத்தான் நினைத்தான்.

இரண்டும் கணக்குத்தான். ஒன்றை நாம் போற்றுகிறோம், மற்றொன்றைச் சபிக்கிறோம். ஏன்? அந்தத் தாய் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை. கைப்பாஸ் விட்டுக்கொடுத்தது இன்னொருவனுடைய உயிரை. என் பிரியமான விசுவாசிகளே, ஓட்டுச்சாவடிக்குப் போகுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் போடும் கணக்கில் யாருடையதை விட்டுக்கொடுக்கிறேன்? என் விருப்பத்தை, என் கோபத்தை, என் கட்சிப் பழக்கத்தை விட்டுக்கொடுத்து, என்னைவிட எளியவனைக் காப்பாற்றுகிறேனா? தாராளமாய்ச் செய்யுங்கள்; அது தாயின் கணக்கு. அல்லது, எனக்கு ஆதாயம் வரட்டும், அவர்கள் தெருவுக்கு எது வந்தாலும் வரட்டும் என்கிறேனா? அது கைப்பாஸின் கணக்கு. அதற்கு விவேகம் என்று பெயர் வைக்காதீர்கள்.

மூன்றாமவன் ஒருவன் உண்டு: பிலாத்து. குற்றமில்லாதவர் என்று அறிந்தும், தண்ணீர் எடுத்துக் கையைக் கழுவினான். இந்தச் சோதனையை நான் நன்றாய் அறிவேன். நானே அதில் விழுந்தவன். வேறொரு பங்கில் இருந்தபோது ஒரு தேர்தலில், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டை என்று சொல்லி நான் ஓட்டுப் போடாமல் அறையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மனச்சாட்சி என்று பெயர் வைத்தேன். அன்று மாலை, எண்பது வயதுக் கிழவர் ஒருவர் கோலூன்றி வெயிலில் நடந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை என்னிடம் காட்டினார். என் விரலை மறைத்துக்கொண்டேன். என் கை சுத்தமாயிருக்கவேண்டும் என்ற பெருமையைத் தவிர அங்கே வேறொன்றும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படியானால் நோட்டா? 2013-ம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஏற்பட்ட உரிமை அது. எவருக்கும் போட மனம் துணியாதவன் அதைப் பயன்படுத்தலாம். வீட்டில் கிடப்பதைவிட அது மேல். ஆனால் சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், அடுத்தபடி அதிகம் பெற்ற ஆள் ஜெயித்துவிடுவார். இதை அறிந்து செய்யுங்கள்.

"நம்ம ஆளுக்கே போடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். நம் சட்டசபைத் தொகுதியாகிய திண்டிவனமும், பாராளுமன்றத் தொகுதியாகிய விழுப்புரமும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவனுக்கு அந்தச் சாதிச் சான்று கிடையாது. ஆகையால் நம்மில் எவரும் இங்கே நிற்கவே முடியாது. இது நமக்கு ஒரு காயம்தான். ஆனாலும் அதில் ஒரு பாடமும் உண்டு. 'நம்ம ஆள்' என்று தேட வழியில்லாதவர்கள், 'நியாயமான ஆள்' என்று தேடக் கற்றுக்கொள்ளலாம்.

இனி, கணக்கும் இல்லாமல் மனச்சாட்சியும் இல்லாமல் போடப்படும் ஓட்டைப்பற்றிச் சொல்லவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று இரவில் கதவைத் தட்டுகிறார்கள். 2019-ம் ஆண்டு வேலூர் பாராளுமன்றத் தேர்தல் பணப் பட்டுவாடாவினால் இரத்து செய்யப்பட்டது. நாடு முழுவதும் நம்மைப் பார்த்துச் சிரித்தது. கொடுக்கிறவன், வாங்குகிறவன் இருவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. "வாங்கிக்கொண்டு மனசுப்படி போடுகிறேன் சாமி" என்பார் சிலர். வாங்குவதே தப்பு. ஆனால் வாங்கிவிட்டவர்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டோமே என்று நடுங்கவேண்டாம். தப்பான காரியத்துக்குச் செய்த சத்தியம் ஒருவரையும் கட்டாது. ஏரோது தன் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டினான்! அப்படிச் சத்தியம் செய்தது பாவம், அதற்காக மனஸ்தாபப்படுங்கள். அதை நிறைவேற்றுவது இரண்டாம் பாவம்.

குப்பங்களில் ஊர்க்கட்டு என்று ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தபடி எல்லாரும் போடவேண்டும் என்பது. கலந்து பேசுவது நல்லது. எளியவர்கள் ஒன்றுசேர்ந்தால்தான் அவர்கள் குரல் கேட்கும் என்பதும் மெய். ஆனால் உன் விரல் உன்னுடையது. நீ யாருக்குப் போட்டாய் என்று காட்டும் சீட்டு ஏழு விநாடி உன் கண்ணுக்கு மாத்திரம் தெரிந்து பெட்டியில் விழுந்துவிடும். சாவடிவாரியாக எண்ணிக்கை தெரியவரும் என்பதால் ஊருக்குப் பயம் இருக்கலாம். தனி ஆள் பயப்பட இடமில்லை. மனைவி யாருக்குப் போடவேண்டும் என்று கட்டளையிடும் கணவன்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லுகிறேன்.

அம்மா, நல்லவர் என்று நீங்கள் நம்புகிறவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகாது. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்குமேல் வாங்கினால் அவருக்குக் கட்டுத்தொகை திரும்பக் கிடைக்கும். அடுத்தமுறை நிற்கத் தைரியம் வரும். பெரிய கட்சிக்காரர்களும், உப்பளத்துச் சனம் கூலிக்காக ஓட்டுப் போடும் என்று கண்டுகொள்வார்கள். விதைக்கிறவன் அன்றைக்கே அறுக்கிறதில்லை. ஜெயிக்கக்கூடிய இருவரிடையே பெரிய வித்தியாசம் இல்லையென்று கண்டால், உங்கள் மனசு சொல்லும் நல்லவருக்கே போடுங்கள்.

ஆனால் அந்த இருவரில் ஒருவர் வந்தால் எளியவர்களுக்குப் பெரிய கெடுதி வரும் என்று, கோபத்தினாலல்ல, விசாரித்து அறிந்து நீங்கள் நம்பினால், போட்டியும் நெருக்கமானதென்று கண்டால், மனசுக்கு ஒப்பாத மற்றவருக்குப் போடலாம். அது பாவமல்ல. அவர் செய்யும் தப்புக்காக அல்ல, அவரால் தடைபடும் கெடுதிக்காகப் போடுகிறீர்கள். அப்போது சலோமோன் முன் நின்ற தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது என்பதை நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும், அதற்காகத்தான் சர்வேசுரன் உங்களுக்கு ஆத்துமத்தையும் புத்தியையும் தந்தார். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். தேர்தல் மறுநாளோடு கடமை தீர்ந்துவிடாது. மனசுக்கு ஒப்பாதவருக்குப் போட்டவர்களுக்குத்தான் அவரிடம் கேள்வி கேட்கும் கடமை அதிகம். அவர் ஜெயித்தால், கூலிக்காகவும் மழைக்கால நிவாரணத்துக்காகவும் அவர் வாசலில் முதலில் போய் நிற்கவேண்டியவர்கள் நீங்களே. நானும் கூட வருகிறேன்.

ஓட்டுப் போடும் நாளன்று காலைப் பூசை வழக்கத்தைவிட அரைமணி முன்னதாக நடக்கும். அளத்துக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் வந்து, இஸ்பிரீத்துசாந்துவின் வெளிச்சத்தைக் கேட்டு, பிறகு சாவடிக்குப் போங்கள். உலகத்துக்கு உப்பாயிருக்கும்படி நம்மை அழைத்த சேசுநாதர், நமது மனச்சாட்சி சாரமற்றுப் போகாதபடி காத்தருள்வாராக. தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு